போலிப் பறப்பின் இயக்குதண்டு: அதன் தேய்வும் பேணலும்

விமானஞ் செலுத்துவோன் தன் கால்களுக்கிடையே நிறுத்திப் பற்றும் தண்டினை ஆங்கிலர் ஜோய்ஸ்ரிக் என வழங்குவர். அதனை முன்னே தள்ள விமானத்தின் மூக்குத் தாழும். பின்னே இழுக்க எழும். பக்கங்களுக்குச் சாய்க்க விமானமும் அவ்வப் பக்கஞ் சாயும். பிரெஞ்சு நாட்டு எஸ்னோ-பெல்த்ரி என்பார் 1907ஆம் ஆண்டிலே தம் விமானத்தில் இத்தகைய தண்டொன்றை அமைத்தார். இதன் உருவையும் தொழிலையும் ஒத்ததாய், மேசைமீது வைத்துக் கணினியோடு இணைத்துத் திரையிலே தோன்றும் விமானத்தைச் செலுத்துதற்கென ஆக்கப்பட்ட கருவியும் பிற்காலத்தில் அதே பெயரைப் பெற்றது. அதனை இக்கட்டுரையில் இயக்குதண்டு என வழங்குவோம். திரையில் நிகழும் பறப்பினைப் போலிப் பறப்பு என்போம். முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என இலக்கணத்தார் கூறுமிடத்துப் போலி என்பது எவ்வாறு இழிவுப்பொருள் தருவதில்லையோ, அவ்வாறே ஈண்டும் கொள்க. காரைதீவு தந்த விபுலானந்த அடிகளார் தலைமையில் 1936ஆம் ஆண்டு சென்னையிற் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது இக்கருவி எவர் மேசையிலும் இருந்ததில்லை. ஆதலின் இச்சொற்களுக்குப் பொறுப்பு நம்முடையதே.

விளையாட்டுப் பொருளொன்றின் தேய்மானத்தைப்பற்றி ஒரு கல்லூரி மலரில் எழுத வேண்டுமோ எனச் சிலர் வினவக்கூடும். வாவியின் இருகரையிலும் உள்ள ஊர்களிலே விமானியாகும் விருப்பங்கொண்ட மாணவர் உளர். மெய்யான விமானத்தில் ஒரு மணிநேரப் பயிற்சிக்குரிய கட்டணம் அவர்தம் குடும்பங்களுக்கு எட்டாதது. திமிலைத்தீவின் விமானத்தளத்தில் வந்திறங்கும் சிறு விமானத்தை வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பதே அவர்க்கு வாய்த்தது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கணினியையும் ஓர் இயக்குதண்டையும் தேடிக்கொள்கின்றனர், முறைவைத்துப் பழகுகின்றனர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த நாணயமாற்று அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவை அண்மியது. இறக்குமதிப் பொருளான இத்தண்டின் விலையும் அதனோடு ஏறியது. பழுதுற்றதை எறிந்து புதியது வாங்குதல் என்னும் வழி இவர்க்கு அடைபட்டது. எனவே கையிலிருப்பதை நெடுங்காலம் பேணுவது எவ்வாறு என்பது வெறும் பொழுதுபோக்கு வினாவன்று.

போலிப் பறப்பும் புதுமையானதன்று. அமெரிக்க நாட்டின் பிங்கம்ரன் நகரில் இசையோகன்களும் தானியங்கிப் பியானோக்களும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பத்தவரான எட்வின் லிங் என்பார், 1929ஆம் ஆண்டளவில் தரையிலே நின்று அசையும் பயிற்சிப் பொறியொன்றை ஆக்கினார். ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்க்கு அப்பொறியின் உட்கூறு எளிதில் விளங்கும். துருத்திகளிற் காற்றை உறிஞ்சுவதும் விடுவதுமாகிய செயலால் அதன் உடல் சாய்ந்தெழும். தண்டினை அசைத்தால் காற்றுவழிகள் திறந்து மூடும். வான்தபால் சுமந்த இராணுவ விமானிகள் பலர் இறந்துபட்டதைக் கண்ட அமெரிக்கப் படையினர் 1934ஆம் ஆண்டில் இவ்வகைப் பொறிகள் ஆறினை வாங்கினர். அக்காலப் பொறியிற் கெடுவது துருத்தியின் மடிப்பும் காற்றுக் கசிவும். இக்காலத் தண்டிற் கெடுவன வேறு.

1981ஆம் ஆண்டு ஐ.பீ.எம். நிறுவனத்தின் கணினிக்கு இயக்குதண்டை இணைக்கும் பலகை வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே மைக்றோசொவ்ற் நிறுவனத்தின் பறப்பு விளையாட்டு அக்கணினிக்கென வெளியாயிற்று. அன்றிருந்த தண்டின் அடியில் இரண்டு மாறுந்தடைகள் இருந்தன; ஒன்று முன்பின் அசைவுக்கும் மற்றது பக்க அசைவுக்கும் உரியது. குதிரைலாட வடிவிற் பூசப்பட்ட கரித்தடம் ஒன்றின்மேல் உலோக நாவொன்று உராய்ந்து செல்லும். நா நிற்கும் இடத்துக்கேற்பத் தடை மாறும். அத்தடையினூடாக ஒரு கொள்ளளவி நிரம்ப எடுக்கும் நேரத்தைக் கணினி அளந்து, தண்டு எவ்விடத்தில் நிற்கின்றதென அறிந்தது. பிற்காலத் தண்டுகள் யூ.எஸ்.பி. வழியாக இணைபவை, அவை அளவையைத் தம்முள்ளேயே எண்ணாக மாற்றி அனுப்புவன. ஆயினும் விலைகுறைந்தவற்றில் அடியிலிருப்பது பெரும்பாலும் அதே மாறுந்தடையே. பழைய வானொலிப் பெட்டியின் ஒலிக்குமிழைத் திருகும்போது எழும் கரகரப்பை அறியாதார் இலர். அக்கரகரப்புக்கும், திரையிலே விமானம் காரணமின்றித் திடுக்கிட்டுத் துள்ளுவதற்கும் மூலம் ஒன்றே: தேய்ந்த கரித்தடமும், அதன்மேற் படிந்த தூளும்.

ஈண்டு ஒரு கணக்குச் செய்து பார்ப்பது தகும். சாதாரணக் கரித்தட மாறுந்தடைகள் பல்லாயிரம் முழுச்சுழற்சிகளைத் தாங்குமென்ற அளவிலே செய்யப்படுவன. கடத்தும் பிளாஸ்ரிக் தடமுடைய உயர்ந்தவை பத்து இலட்சத்தையும் கடப்பன. பறப்பவனின் கை நொடிக்கு ஒருமுறை சிறிதளவு அசைகின்றதெனக் கொள்வோம். ஒரு மணிக்கு 3,600 அசைவு. நாளொன்றுக்கு இரண்டு மணிநேரமாயின் ஆண்டில் 26 இலட்சத்துக்கு மேல். இவை முழுச்சுழற்சிகளல்ல, சிற்றசைவுகளே என்பது உண்மை. ஆனால் அதுவே தீமையுமாகின்றது. நேர்பறப்பிலே கை அசையும் எல்லை நடுவிடத்தைச் சூழ்ந்த ஒரு சிறு பகுதி. தடத்தின் இருமுனைகளும் புதியனவாயிருக்க, நடுவிடம் மட்டும் உழுத சால்போலக் குழிவடைகின்றது. எந்த இடத்தில் மிக நுண்ணிய அளவை வேண்டுமோ அந்த இடமே முதலிற் கெடுகின்றது.

இத்தேய்விலிருந்து தப்பும் வழி, உராயாமல் அளப்பது. 1879ஆம் ஆண்டிலே போல்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த எட்வின் ஹோல் என்பார், மின்னோட்டம் செல்லும் மெல்லிய பொற்றகட்டினைக் காந்தப்புலத்தில் வைத்தபோது, ஓட்டத்துக்குக் குறுக்கே சிறியதோர் அழுத்தவித்தியாசம் தோன்றுவதைக் கண்டார். புலத்தின் வலிமைக்கேற்ப அவ்வித்தியாசமும் மாறும். இன்று பொற்றகட்டுக்குப் பதிலாகக் குறைகடத்திச் சில்லொன்று. தண்டின் அடியில் ஒரு சிறு காந்தம். தண்டு சாயக் காந்தம் திரும்பும். சில்லு அதனைத் தொடாமலே உணரும். தொடாததால் தேய்வில்லை. த்றஸ்ற்மாஸ்ரர் நிறுவனத்தின் ரீ.16000எம் என்னும் தண்டு, நடுத்தர விலையிலேயே இம்முறையை முன்பின் அசைவுக்கும் பக்க அசைவுக்கும் கொண்டுள்ளது. ஆயின் அதே தண்டின் பிடியைத் திருகுவதால் விமானத்தின் வாற்சுக்கானை இயக்கும் மூன்றாம் அசைவு பழைய மாறுந்தடையையே நம்பியிருக்கின்றது. வாங்குவோர் 'ஹோல் உணரி' என்னும் சொல்லைப் பெட்டியிற் கண்டவுடன் மயங்காது, எவ்வெவ்வசைவுக்கு அஃது உண்டு என வினவுதல் வேண்டும்.

உணரி தேயாவிடினும் தண்டு தேயும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். தண்டினை இருதிசையிலும் சாயவிடும் இணைப்புச் சட்டம், அதனை நடுவுக்கு மீட்கும் சுருள்வில், சட்டத்தின் அச்சுகள் சுழலும் துளைகள் ஆகிய மூன்றும் கையின் விசையைத் தாங்குவன. நெம்புகோலின் விதியை இங்கே நினைவுகூர்க. சுழலிடத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்திலே கை 5 கிலோகிராம் நிறைக்குரிய விசையைக் கொடுக்கின்றது. தண்டின் அசைவைத் தடுத்து நிறுத்தும் விளிம்பு சுழலிடத்திலிருந்து 2 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளது எனின், அவ்விளிம்பு 50 கிலோகிராம் நிறைக்குரிய விசையைத் தாங்கவேண்டியதாகும். மெல்லிய பிளாஸ்ரிக் விளிம்பு இதனை எத்தனை நாளுக்குத் தாங்கும்?

பயணிகள் விமானத்தைச் செலுத்திப் பழகுவோர் இவ்வளவு விசையைக் கொடுப்பதில்லை. கொடுப்போர் போர் விளையாட்டினர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், நம் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலிலே, யப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாய்ப் பாய்ந்து தாக்க, ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 300க்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. அக்கப்பல் இன்றும் அவ்விடத்திலேயே கிடக்கின்றது. அவ்வாறான பாய்ச்சலிலிருந்து மீளும் விமானி தண்டினை வயிற்றோடணைய இழுத்தாக வேண்டும். திரைமுன் அமர்ந்து அப்பாய்ச்சலை நடிக்கும் இளைஞனும் அப்படியே இழுக்கின்றான். மெய்விமானத்தில் வேகம் மிக மிகத் தண்டு கனக்கும். கை தானாகவே அளவறியும். மேசைத் தண்டிலோ சுருள்வில்லின் சிறு எதிர்ப்பே உள்ளது. அது தீர்ந்தபின் கை விளிம்போடு போராடுகின்றது. அப்போராட்டத்தால் விமானம் ஓர் அணுவும் கூடுதலாகத் திரும்புவதில்லை என்பதை அவனுக்கு ஒருமுறை அளவைப் பலகையில் எண்ணைக் காட்டி விளக்கினால், தண்டின் ஆயுள் இருமடங்காகும் என்பது எம் துணிபு. தண்டினை உயர்ந்த மேசையில் வைக்காது, முழங்கால் மட்டத்திலே பலகையொன்றிற் பிணைத்துக்கொள்வதும் நன்று. உயரத்தில் வைத்தால் புயத்தின் பாரம் முழுவதும் பிடியில் தொங்கும்.

இனி நம் நிலத்துக்கே உரிய பகைகளைக் கூறுவோம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே வாழ்கின்றோம். காற்றில் உப்புண்டு. கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்தவுடன் தானே நீரை உறிஞ்சிக் கரையும் இயல்பினது. நம் ஊர்களில் இரவிலே ஈரப்பதன் அவ்வெல்லையைக் கடப்பது வழக்கம். ஆதலின், பகலில் வெறுந்தூளாய்க் கிடக்கும் உப்புப் படலம் இரவில் மின்கடத்தும் நீர்ப்படலமாகின்றது. உருக்குச் சுருள்வில்லிற் கறள் பிடிப்பதும், தொடுகைத் தகடுகள் பச்சை பூப்பதும் இதனால் விளைவன. கையின் வியர்வையிலும் அதே உப்பு. இன்னொன்று: வாவியின் சேறு கலங்கும் காலத்தில் எழும் அழுகல் நாற்றத்திலே ஐதரசன் சல்பைட்டு உண்டு. வெள்ளிப்பூச்சுள்ள தொடுகைகளை அது கறுக்கச் செய்யும். வீட்டு விளக்கின் ஆளியிற் சிறு தீப்பொறி எழுந்து அக்கறையை எரித்துவிடும். இயக்குதண்டின் பொத்தானிற் செல்லும் மின்னோட்டம் மிகச் சிறிதாகையால் அத்தகைய தற்சுத்தம் அங்கே நிகழ்வதில்லை. பலநாள் தொடாது வைத்த பொத்தான் முதலில் வேலை செய்யாது, பத்துமுறை அழுத்தியபின் செய்வதற்குக் காரணம் இதுவே.

கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ பகை வேறு. மேற்கேயிருந்து வரும் அவ்வறட்காற்று வயற்புழுதியைச் சுமந்து வந்து யன்னல் வழியே பரப்பும். மசகோடு கலந்த புழுதி அரத்தூள் போன்றது. விளையாடாத வேளையிலே தண்டினை ஒரு பருத்தித் துணியால் மூடிவைத்தால் இதிற் பெரும்பகுதி நீங்கும். பிளாஸ்ரிக் உறையினுள் இறுகக் கட்டிவைத்தல் தவறு. உள்ளே ஈரம் சிறைப்படும். வாடைக்காலத்தில் மூடியுள்ள பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைப்பதே தக்கது. அப்பொதிகளும் நிறைவுற்றபின் பயனற்றவை. அவ்வப்போது சூடாக்கி உலர்த்திக்கொள்ளல் வேண்டும்.

பிடியின்மேற் பூசப்பட்ட மென்றப்பர்ப் பூச்சு சில ஆண்டுகளிற் பசைபோல ஒட்டுவதைப் பலர் கண்டிருப்பர். அழுக்கென நினைத்துச் சவர்க்காரமிட்டுத் தேய்க்கின்றனர், மேலும் ஒட்டுகின்றது. இஃது அழுக்கன்று. பொலியூறிதேன் என்னும் அப்பூச்சு ஈரத்தினால் நீர்ப்பகுப்படைந்து சிதைகின்றது. சிதைந்ததை மீட்க வழியில்லை. அற்ககோலில் நனைத்த துணியால் முற்றாகத் துடைத்தகற்றிவிட்டு, அடியிலுள்ள வன்பிளாஸ்ரிக்கை அப்படியே பயன்படுத்துவது, அல்லது துடுப்பின் பிடிக்குச் சுற்றுவதுபோலப் பருத்தி நாடாவைச் சுற்றுவது ஏற்றது. எம்மைக் கேட்டால், நம் நாட்டுக்கு மென்பூச்சில்லாத தண்டே உகந்தது.

உப்பைத் துடைக்கும் முறையிலும் ஒரு நுட்பமுண்டு. அற்ககோல் எண்ணெய்ப்பசையை நீக்கும். உப்பைக் கரைப்பதில் அது மிக வலியற்றது. ஆகவே முதலில், பிழிந்த ஈரத்துணியால் வெறுநீர்கொண்டு வெளிப்புறத்தை ஒற்றித் துடைத்து, அதன்பின்னரே அற்ககோலைப் பயன்படுத்துக. பலர் முன்னதை விட்டுப் பின்னதை மட்டுஞ் செய்வர். மேற்பரப்புப் பளபளக்கும்; உப்பு அங்கேயே இருக்கும்.

மசகிடும் விடயத்தில் நம்மவர் செய்யும் தவறுகள் பல. கையருகே உள்ள தேங்காயெண்ணெயை விடுவது முதலாவது. அது நாளடைவிற் காறிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். அதிற் பிறக்கும் கொழுப்பமிலம் பித்தளையிற் களிம்பேறச் செய்யும். தையற்பொறி எண்ணெய் அவ்வளவு தீயதன்றெனினும், நீர்த்ததாகையால் ஓடிப்போய்க் கரித்தடத்தை நனைத்துவிடும். டபிள்யூ.டீ.40 என்னும் தெளிப்புத்திரவம் 1953ஆம் ஆண்டில் நீரகற்றுவதற்கென ஆக்கப்பட்டது. பெயரின் முதலிரண்டெழுத்தும் அத்தொழிலையே குறிப்பன. நாற்பதாம் முயற்சியில் வெற்றி கிட்டியதால் 40. கறள்பிடித்த ஆணியைக் கழற்ற அது உதவும். இயக்குதண்டினுள் தெளித்தால் இருக்கின்ற கிறீஸையும் கழுவிவிடும். சிலவகைப் பிளாஸ்ரிக்குகளில் வெடிப்பையும் உண்டாக்கும். பொருந்துவது, பிளாஸ்ரிக்கிற்கு ஊறு செய்யாதெனக் குறிக்கப்பட்ட சிலிக்கன் கிறீஸ் அல்லது செயற்கை எண்ணெய்க் கிறீஸ். அதிலும் அரிசியளவே போதும். சட்டத்தின் அச்சுகளிலும் சுருள்வில் உராயும் வளையத்திலும் மட்டும் இட்டு, பொத்தான்களின் தொடுகைகளிற் படாதவாறு காத்தல் வேண்டும். பழைய கிறீஸை முற்றாகத் துடைத்தெடாமல் புதியதை அதன்மேற் பூசுவது வீண்.

பழுது தோன்றியவுடன் திருகாணியைக் கழற்றுவோர் அவசரக்காரர். முதலிற் கம்பியை நோக்குக. தண்டினுள் அது நுழையும் இடத்திலே மடிந்து மடிந்து உட்கம்பி அறுதல் மிகப் பொதுவானது. அதன்பின் கணினியின் அளவைப் பலகையைத் திறந்து, தண்டினைக் கையால் அசையாமல் இறுகப் பற்றிக்கொண்டு எண்ணை நோக்குக. கை அசையாதிருக்க எண் நடுங்குமாயின் பழுது மின்பகுதியில், அஃதாவது மாறுந்தடையிலோ கம்பியிலோ உள்ளது. எண் நடுங்காமல், தண்டை விட்டுவிட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணில் வந்து நிற்குமாயின் பழுது பொறிப்பகுதியில், அஃதாவது வில்லிலோ அச்சுத்துளையிலோ உள்ளது. இவ்வொரு சோதனை அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும்.

இவ்விடத்திலே மென்பொருளின் ஒரு வசதியைப்பற்றி எம் கருத்தை வெளிப்படையாகக் கூறவேண்டும். நடுவிடத்தைச் சூழ்ந்த ஒரு பகுதியில் தண்டின் அசைவைக் கணினி பொருட்படுத்தாதிருக்கச் செய்யலாம். அதனைச் செயலற்ற வலயம் எனலாம். தேய்ந்த தண்டின் நடுக்கம் அவ்வலயத்தில் மறையும். ஆதலின் எல்லோரும் முதலில் அதனையே நாடுகின்றனர். விளையாட்டுக்கெனில் ஆகுக. பறக்கக் கற்க விழையும் மாணவனுக்கோ இது கேடு. வலயம் விரிய விரிய அவன் கை, சிறிது அசைத்தால் ஒன்றும் நிகழாது, மேலும் அசைத்தால் திடீரென நிகழும் எனக் கற்றுக்கொள்கின்றது. மெய்விமானம் அவ்வாறு நடப்பதில்லை; சிற்றசைவுக்கும் அது மறுமொழி தரும். இடப்பக்கம் இழுக்கும் தண்டொன்றில் ஆறு மாதம் பழகியவன், தானறியாமலே கையை வலப்பக்கம் சாய்த்துப் பிடிக்கின்றான். கெட்ட கருவி கெட்ட பழக்கத்தை ஊட்டுவது, பிழையான எழுதுகோற்பிடிப்போடு எழுதப் பழகிய பிள்ளையிடத்தே நாம் நாளும் காண்பது. திருத்துவது கற்பிப்பதினும் கடிது. எனவே செயலற்ற வலயத்தை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கிற்கு மேல் விரிக்க நேர்ந்தால், தண்டைத் திறந்து பழுதுபார்க்கும் காலம் வந்ததெனக் கொள்க.

திறப்பதற்குமுன் ஒவ்வொரு படியிலும் கைத்தொலைபேசியாற் படமெடுத்து வைக்கவேண்டும். சுருள்வில் தெறித்தோடினால் அதன் இடத்தை நினைவிலிருந்து தேடுவது இயலாது. மாறுந்தடையைத் தொடுகைத் துப்புரவுத் திரவங்கொண்டு கழுவி முப்பது நாற்பது முறை முழுவீச்சில் அசைத்தால் தூள் நீங்கும், குழி நீங்காது. கழுவியபின் சில வாரங்களில் நடுக்கம் மீளுமாயின் மாற்றுவதே வழி. மாற்றுவதற்கு முன் பழையதன் முதுகிலுள்ள எண்ணைப் படிக்கவேண்டும். தடையின் அளவு மட்டும் ஒத்தாற் போதாது. தடை சீராக மாறும் வகையா, ஒலிக்குமிழ்களில் உள்ளதுபோல் மடக்கை வகையா என்பதும் ஒத்திருக்கவேண்டும். வானொலி திருத்தும் கடையில் எளிதிற் கிடைப்பது இரண்டாம் வகையாகலாம். அதனைப் பொருத்தினால் விமானம் ஒருபக்கம் மெல்லவும் மறுபக்கம் விரைந்தும் சாயும். அச்சின் நீளத்தையும், முனை தட்டையா உருண்டையா என்பதையும் பார்த்துக்கொள்க. புதியதைப் பொருத்தி மூடுமுன் தண்டை நடுவில் நிறுத்தி, நாவும் தடத்தின் நடுவில் நிற்குமாறு திருப்பி இறுக்குதல் வேண்டும். பத்துப் பிற்று அளவையாயின் எண் 512ஐ அண்டி நிற்கும். அதன்பின்னர்ச் செயலற்ற வலயத்தைப் பூச்சியமாக்கி, ஒருமுறை அளவுதிருத்தம் செய்தபிறகே மாணவன் கையிற் கொடுக்கலாம்.